காலடியில் தூக்கம்

இதை நான் பார்க்கவில்லை. பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் குடோனில் சென்னியப்பனுக்கு அடுத்த தறி ஓட்டுகிறவர் என் பெரியப்பா. சென்னியப்பன் ஒரே ஒரு தடவை அவரிடம் சொன்னார், பெரியப்பா என்னிடம் சொன்னார். இரண்டு வாய் மாறி வந்ததில் எது சிந்தியது, எது சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நடந்ததாக அவர்கள் சொன்னதை நான் மாற்றவில்லை. மனசுக்குள் ஓடியதாக எழுதியிருப்பதில் என் ஊகமும் கலந்திருக்கிறது. பெயர்கள் வேறு.

நாய் மூச்சு விடுகிறதா என்று சென்னியப்பன் மறுபடியும் குனிந்து பார்த்தார். விடுகிறது. விலா ஏறுகிறது, சித்த நேரம் அப்படியே நிற்கிறது, பிறகு இறங்குகிறது. அந்த நிற்கிற நேரம்தான் அவர் உயிரை வாங்கியது. தறியில் இப்படி ஒரு தயக்கம் வந்தால் எந்த இழை அறுந்தது என்று கை தானாகத் தேடிப் போய்விடும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, சத்தம் மாறினால் போதும். இங்கே எல்லாச் சத்தத்தையும் இந்த விமானத்தின் இரைச்சல் தின்றுவிடுகிறது, தூரத்தில் ஆயிரம் தறி ஒரே கொட்டகைக்குள் ஓடுகிற மாதிரி, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, இதற்குள் ஒரு நாயின் மூச்சை எங்கே போய்க் கேட்பது. கோயமுத்தூரில் ஏறும்போது இது நாலு காலில் நடந்துதான் வந்தது. படிக்கட்டில் கொஞ்சம் தடுமாறியது. மகள் தாரணி அதைப் பார்த்துவிட்டு, “பயப்படறியா கண்ணு, மொத தடவைதானே” என்று கழுத்தைத் தடவினாள். பயமில்லை அம்மிணி என்று அவருக்குத் தெரியும். உள்ளே வந்ததும் முன் வரிசையில், சுவருக்கும் இருக்கைக்கும் நடுவில் நாய்க்கென்றே விட்டுக் கொடுத்த இடத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்த தாரணியின் கால்மேல் தலையை வைத்துப் படுத்ததுதான், இன்னும் எழவில்லை. வழிப்பக்கம் உட்கார்ந்திருந்த பனியன் கம்பெனிக்காரர் ஆரம்பத்தில் காலை மடக்கி மடக்கி வைத்துக்கொண்டிருந்தார், இப்போது அவருக்கும் பயம் தெளிந்துவிட்டது. “ஏனுங்க, இதுக்கும் பன்னு கின்னு ஏதாச்சும் குடுப்பாங்களா?” என்றார். “டூட்டில இருக்கறப்ப அவ எதுவும் சாப்பிட மாட்டாளுங்க” என்றாள் தாரணி. “டூட்டியா? நல்லாத் தூங்கறாளே. எங்க சூப்பர்வைசருக்கு அக்கா தங்கச்சியாட்ட இருக்குது.” தாரணி சிரித்தாள். “ஒண்ணுமில்லைன்னா தூங்குவாளுங்க. ஏதாச்சும் வரப் போகுதுன்னாத்தான் எந்திரிப்பா. அவ தூங்கறான்னா எனக்கு நல்ல நேரம்னு அர்த்தம்.” சென்னியப்பன் முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை.

நல்ல நேரம். இந்த நாய் வருவதற்கு முன்னால் இந்தப் பிள்ளைக்கு நேரம் என்று ஒன்று ஏது. அடுப்படியில் விழுந்தாள், பள்ளிக்கூடத்துப் பிரேயரில் விழுந்தாள், காலேஜ் மாடிப்படியில் விழுந்து தாடை கிழிந்து, இன்னும் அந்தத் தையல் தழும்பு பார்க்கிறவர்களுக்குப் பயந்து கைக்குட்டையால் மறைக்கிற பழக்கமாக நிற்கிறது. மாத்திரை மாத்திப் பார்த்தார்கள், டாக்டர் மாத்திப் பார்த்தார்கள், வலிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு பேராசிரியர் ஒருவர் சொல்லி, பெங்களூரில் ஒரு பயிற்சிக்காரர் வளர்த்துக் கொடுத்தது இந்த நாய். சுக்கு நிறத்தில் இருந்ததால் சுக்கு. வலிப்பு வருவதற்கு முன்னாலேயே அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து முட்டும். விலக்கினால் மறுபடி முட்டும், பிறகு முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்து அழுத்தும். ஒரு காபி ஆறுகிற நேரம் கிடைக்கும். அதற்குள் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். வருவது வரும், போகும். நாய் வந்த பிறகு தாரணி ஒரு தடவைகூட விழவில்லை. படுத்தாள், அவ்வளவுதான். விழுவதற்கும் படுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த டெல்லி வந்தது. அங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்களாம். தறிக்காரன் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் டெல்லிக்குப் போகிறது. மனைவி ஈஸ்வரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், “நாய் கூடப் போகுதுன்னா போகட்டும். நாய் இல்லாம எம் புள்ள இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது.” அவரும் அதையேதான் சொன்னார். நாய் இருந்தால் டெல்லி, இல்லாவிட்டால் வீடு. சொன்ன வாய்தான் இது. இந்தக் கைதான். விலா ஏறியது. நின்றது. இறங்கு சாமி, இறங்கு. இறங்கியது.

கையில் இன்னும் அந்த மருந்தின் வாசனை இருப்பதாகத் தோன்றியது. செம்பரத்திப் பூ நிறத்தில், பிசுபிசுவென்று, இனிப்பாக. சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, விமான நிலையத்தில் மறுபடி கழுவியாயிற்று. தாரணியின் பெட்டியைக் கட்ட ஈஸ்வரி உள்ளே போயிருந்த நேரம், தயிர்ச்சோற்றில் அந்தச் சளி மருந்தை ஊற்றிப் பிசைந்தார். தாரணியைத் தவிர வேறு யாரும் நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது, அது பெங்களூர்க்காரர் போட்ட சட்டம். சுக்குக்கும் அது தெரியும். தட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகு தாரணி இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. “நாந்தான் சாமி, சாப்புடு” என்றார். இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்த மனுஷன் சொல்கிறானே என்று நினைத்திருக்கும். சாப்பிட்டது. தட்டைத் துடைத்த மாதிரி நக்கிவிட்டு அவர் கையையும் நக்கியது. கெட்ட எண்ணமா? இல்லையே. முந்தின நாள் போனில் விசாரித்தபோது அந்த விமானக் கம்பெனிப் பெண் என்ன சொன்னாள், “குரைச்சா, நடமாடினா, மத்த பாசஞ்சருக்குத் தொந்தரவுன்னா கேப்டன் இறக்கி விட்டுடலாம் சார்” என்றாள். அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் ஏது. வானத்தில் ஏறும்போது காது அடைக்குமாம், பச்சைக் குழந்தைகள் வீறிடுமாம், நாய்க்கு நம்மைவிடக் காது கூர்மை. அது ஒரு குரல் குரைத்தால் போதும், எல்லோருக்கும் முன்னால் பிள்ளையை எழுப்பி, பெட்டியைத் தூக்கச் சொல்லி, இறக்கி விட்டுவிடுவார்கள். டெல்லியில் சேர வேண்டிய கெடு தாண்டிவிடும். யாரிடம் போய் மன்றாடுவது, எந்த மொழியில். அதனால்தான். கொஞ்சம் அசந்து தூங்கட்டும், அவ்வளவுதான். தூங்கினாலும் நாய்க்கு மூக்கு தூங்காது. தறித்தெருவில் குப்பைமேட்டில் சுருண்டு கிடக்கிற நாய், வேற்றாள் திருப்பத்தில் வரும்போதே தலையைத் தூக்கவில்லையா. மூக்கு தூங்காது என்று அப்போது அவ்வளவு உறுதியாக இருந்தது. இப்போது இரைச்சலுக்குள் உட்கார்ந்து யோசித்தால், அந்த நாய்க்கு யாரும் சளி மருந்து கொடுத்திருக்கவில்லையே என்று வருகிறது.

சளி மருந்து கொடுக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குடோனில் எல்லோரும் செய்ததுதான். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு நாலு தறி பார்க்கிறார்கள், பிள்ளையை எங்கே விடுவது. தூணுக்கும் தூணுக்கும் கயிறு போட்டுத் தூளி. தறி ஓடுகிற சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டுக் கத்தும், ஓடிப்போய் ஆட்டினால் இங்கே இழை அறுந்து பீஸ் பாழாகும், முதலாளி கத்துவார். மேஸ்திரி சம்சாரம்தான் சொன்னாள், “பாலாடைல ஒரு மடக்கு ஊத்தி உடு ஈஸ்வரி, சிஃப்ட்டு முடியற வரைக்கும் ராசாத்தியாட்டத் தூங்கும்.” தூங்கினாள். பஞ்சுத் தூசி பனி மாதிரி முகத்தில் படியத் தாரணி தூங்கினாள். மூச்சு விடுகிறாளா என்று அப்போதும் அவர் தூளியைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். அப்போதும் ஏறும், நிற்கும், இறங்கும். இதே மாதிரி. ஒண்ணாவது படிக்கும்போது முதல் வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் வரிசையாகக் கேட்டார், பிறந்ததும் அழுதுச்சா, காய்ச்சல்ல இழுத்துச்சா, தலைல அடிபட்டுச்சா, சின்னதுல வேற ஏதாச்சும் மருந்து கொடுத்தீங்களா. ஈஸ்வரி அவரைப் பார்த்தாள். அவர் டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தார். “இல்லீங்க” என்றார். அதனால்தான் வந்ததா, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா, யாருக்குத் தெரியும், கேட்டால்தானே தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார்களே. சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டால் எவ்வளவு பாரம் இறங்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறார். ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டால். கேட்காத வரைக்கும் பாதி பாரம், அதைச் சுமந்துவிடலாம். பாதி பாரத்தோடு பிள்ளை வளர்ந்து, படித்து, இதோ மேகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

“அப்பா, சித்த வழி உடுங்க. பாத்ரூம் போய்ட்டு வந்தர்றேன்.” தாரணி நாயின் தலையை மெதுவாகத் தூக்கித் தன் காலை உருவிக்கொண்டாள். தலை அப்படியே தரைமேல் சரிந்தது. அவள் அதைப் பார்க்கிறாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்த்தாள், பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். “என்ன சமத்துப் பாருங்க. இவளைக் கூட்டிட்டு நான் எந்த ஊருக்கு வேணாலும் போவேன்.” இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் போதும். அம்மிணி, அது சமத்தில்லை, நான்தான். என்ன ஆகும்? அவள் கத்த மாட்டாள். கத்துகிற பிள்ளையாக இருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, நாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, டெல்லி வருகிற வரைக்கும் அவர் பக்கம் திரும்பாமல் இருப்பாள். “இறங்கினப்பறம் போய்க்கலாமே அம்மிணி.” “இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுப்பா.” “அப்பத் தாப்பாள் போடாத. நான் வெளிய நிக்கறேன்.” அவள் நின்றுவிட்டாள். தாழ்ப்பாள் விஷயம் அவர்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. தாரணிக்காக அவர்கள் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாளே கிடையாது, ஒரு பழைய சேலைதான் தொங்கும். நாய் வந்து சில மாதம் கழித்து ஒருநாள், “அப்பா, ஒரு தாப்பாள் வாங்கிட்டு வாங்க” என்றாள். அவர்தான் திருகாணி முடுக்கினார். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே ரொம்ப நேரம் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தாள். இப்போது பனியன்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னாள், “போடாட்டி உள்ள லைட்டே சரியா எரியாதுப்பா. இவ தூங்கறா பாருங்க. எனக்கு ஒண்ணும் வராது. அங்க போய்த் தனியா இருக்கப் போறேன், அங்கயும் வந்து கதவுகிட்ட நிப்பீங்களா?” அவர் காலை ஒதுக்கினார். பனியன்காரரும் எழுந்து வழிவிட்டார். நாலு எட்டில் கழிப்பறை. மடங்கும் கதவு மூடிக்கொண்டது, சின்னதாக ஒரு சிவப்பு தெரிந்தது.

அவரும் எழுந்துபோய்க் கதவருகே நின்றார். சட்டைப் பையைத் தொட்டார். பை காலி. தறியில் குறுக்கிழை கொண்டு ஓடுகிற நாடா உடைந்தபோது எடுத்த இரும்பு மூக்கு ஒன்றை அவர் எப்போதும் அதில் வைத்திருப்பார். வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது ஈஸ்வரியின் கட்டளை. அதனால் ஒன்றும் ஆகாது என்று தாரணி எத்தனையோ தடவை சிரித்தாயிற்று. கூராக இருக்கிறது என்று இன்றைக்குச் சோதனையில் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டார்கள். அதில் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்திருந்தார், பை காலியான பிறகு நம்பிக்கை வந்துவிட்டது. தள்ளுவண்டியில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த பணிப்பெண், நாகர்கோயில் பக்கத்துப் பேச்சு, திரும்பிப் பார்த்தாள். “அவசரமா அங்கிள்? பின்னாடி ரெண்டு இருக்குது, சும்மாதான் கிடக்கும்.” “இல்லீங்க, புள்ள உள்ள இருக்குது.” “பிள்ளை வருவாங்க, நீங்க இருங்க.” அவர் இருக்கவில்லை. உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது, நின்றது. அப்புறம் ஏதோ தட்டியது. முழங்கை இடித்திருக்கும், குறுகலான இடம். அல்லது மூடி விழுந்திருக்கும். மறுபடி தட்டியது, மறுபடி, சின்னச் சின்னதாக, அச்சு பிசகின தறி அடிக்கிற மாதிரி ஒரே இடத்தில். இந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தெரியாது, விமானத்தில் என்னென்னவோ சத்தம் வரும். திறங்க என்று சொன்னால் ஏன் என்பார்கள். நாய் ஒன்றும் சொல்லவில்லையே என்பார்கள். கையில் மருந்து வாசனை. நாய் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒன்றுமில்லை, தாரணியே சொன்னாளே, அவ தூங்கறான்னா நல்ல நேரம். இந்தப் பெண்ணிடம் என்னவென்று சொல்வது, நாயை நான் தூங்க வைத்துவிட்டேன், அதனால் நாய் சொல்வதை நம்பாதே என்றா. முதலில் நாயைக் கேட்போம். நாய் எழுந்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கதவை விட்டுவிட்டு அவர் வரிசைக்குத் திரும்பி வந்தார், பனியன்காரரின் காலைத் தாண்டி மண்டியிட்டார், கழுத்துப் பட்டையைப் பிடித்து உலுக்கினார். “சுக்கு. எந்திரி சாமி. எந்திரி.” ஒரு கண் திறந்தது, வெள்ளை தெரிந்தது, மூடியது. மறுபடி உலுக்கினார். நாய் தலையைத் தூக்கியது, காற்றை மோந்தது, பிறகு உடம்பு முழுக்க ஒரு விறைப்பு ஓடியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றியது, ஊன்றிய கால் வழுக்கி அகன்றது, தாடை தரையில் இடித்தது. மறுபடி ஊன்றியது. பின்னங்கால் வரவில்லை. இழுத்துக்கொண்டே அவர் மடிமேல் ஏறி, பனியன்காரரின் செருப்பின்மேல் ஏறி, கழிப்பறைக் கதவை நோக்கி வயிற்றால் நகர்ந்தது. “என்னங்க இது, நாய்க்கு என்னாச்சு?” என்றார் பனியன்காரர்.

அப்போதுதான் சென்னியப்பன் கதவைத் தட்டினார். தட்டினார் என்பதில்லை, குத்தினார். பணிப்பெண் வந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், ஏன் என்று கேட்கவே இல்லை. கதவில் எழுத்து இருந்த சின்னத் தகட்டை விரலால் தூக்கி, உள்ளே இருந்த எதையோ நகர்த்தினாள். அவ்வளவுதான். சிவப்பு பச்சையானது. இவ்வளவு நேரமும் வெளியிலிருந்தே திறந்திருக்கலாம். தாரணியின் முழங்கால் கதவைத் தடுத்துக்கொண்டிருந்தது. கழிப்பறைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தாள், கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியிருந்தது, நாக்கைக் கடித்த ரத்தம் கழுத்து வரைக்கும். வலிப்பு நின்றுவிட்டிருந்தது. டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள், ஒரு பெண் வந்தார், துடைத்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பயப்பட வேண்டாம் என்று இந்தியில் சொன்னார். தரையில் படுக்க வைத்தார்கள். சுக்கு எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருந்தது, தாரணியின் கையை நக்கிக்கொண்டிருந்தது, முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து முட்டிக்கொண்டிருந்தது, முடிந்துபோன பிறகு, மறுபடி மறுபடி. விமானம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் தாரணிக்கு நினைவு தெளிந்தது. அப்பாவைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு குழறியது. “இவ சொல்லவே இல்லையேப்பா.” அவர் அவள் தலையைக் கோதினார். “நான் இவளை நம்பித்தான் தாப்பாள் போட்டேன்.” இப்போதும் நேரம் இருந்தது. பணிப்பெண் தூரத்தில் இருந்தாள், பனியன்காரருக்குக் கேட்காது, நாயும் பிள்ளையும் அவரும் மட்டும்தான். வாய் திறந்தது. “நாய்தானே அம்மிணி” என்றார். “அதுக்கென்ன தெரியும்.” நாயின் மூக்குக்கு அடியிலிருந்து தாரணி கையை மட்டும் உருவி மார்மேல் வைத்துக்கொண்டாள். சுக்கு காலியான தரையை மோந்தது, பிறகு அவரை அண்ணாந்து பார்த்தது, தயிர்ச்சோற்றுத் தட்டுக்கு முன்னால் பார்த்த மாதிரியே.

டெல்லியில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ரயிலில் திரும்பி வந்துவிட்டார்கள். ஆராய்ச்சி இடம் போய்விட்டது. ஒரு தடவை தவறினது இன்னொரு தடவையும் தவறும் என்று ஈஸ்வரி சொன்னாள், தாரணி மறுத்துப் பேசவில்லை. நாயை அவளே பெங்களூருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். இப்போது வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள், குளியலறையில் மறுபடி சேலை தொங்குகிறது. அவளுக்குத் தெரியுமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். “அவன் சொன்னாத்தானே” என்றார்.

போன மாதம் அந்தப் பயிற்சிக்காரருக்குப் போன் செய்து விசாரித்தேன். சுக்கு இப்போது மைசூரில் ஒரு சிறுமியிடம் இருக்கிறது. அங்கே போன நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவில்லை என்றார்.